கப்ரி வி8: இருக்கிற காசை இஞ்சினில் போடவா, டயரில் போடவா?

சாட்ஸ்வர்த்_கப்ரி:
தென்னாப்பிரிக்கா டர்பன்ல இருந்து அண்ணன்மாருக்கு வணக்கம். என் வண்டி 1971 ஃபோர்டு கப்ரி, முதல் மாடல். பிறக்கும்போது 3 லிட்டர் எசெக்ஸ் வி6. முந்தின ஓனர் அதைக் கழற்றிட்டு ஃபோர்டு 302 வின்ட்ஸர் வி8, டி5 கியர்பாக்ஸ் போட்டிருக்கார். பின்னால அதே அட்லஸ் ஆக்சில், 3.22 டிஃப் (ரெண்டு பின்சக்கரத்துக்கும் சக்தியைப் பிரிக்கிற பெட்டி), லாக் கிடையாது. ஜோபர்க்கில் (ஜோஹன்னஸ்பர்க்) டைனோ (சக்தியை அளக்கிற மேடை) போட்டப்போ சக்கரத்தில் 150 கிலோவாட். ஒரிஜினல் பெரானா (பேசில் கிரீன் செஞ்ச வி8 கப்ரி) இல்லை, அப்படிச் சொல்லி விற்கிற எண்ணமும் இல்லை.

பார்க்கிங் தரையில் கூம்பு வைச்சு, ஒவ்வொரு வண்டியா நேரம் பார்த்து ஓட்டுற ஆட்டோகிராஸுக்கு இந்த வருஷம் இறங்கலாம்னு இருக்கேன். கையில் 60,000 ராண்ட். பெரிய கேம் (வால்வைத் திறக்கிற தண்டு), அலுமினிய ஹெட், நாலு பேரல் ஹோலி கார்புரேட்டர் போடுன்னு ஒரு கட்சி. டயர், சஸ்பென்ஷன் முதல்லன்னு இன்னொரு கட்சி. நீங்க சொல்லுங்க.

லெனேசியா_வி8:
இதுல யோசிக்க என்ன இருக்கு தம்பி? வி8 வாங்கிட்டு 150 கிலோவாட்டா? இப்போ வர்ற டர்போ ஹாட்ச்பேக் எல்லாம் உன்னைத் தாண்டிப் போகும். ஹெட் மாத்து. இரும்பு ஹெட்டை எடுத்து அலுமினியம் போட்டா மூக்குல இருபது கிலோ குறையும், அதுவும் ஹேண்ட்லிங்தானே? கூடவே கேம், ஹோலி. டயர் தேயுற சாமான். ஒரு சீசன்ல காசு புகையாப் போயிடும். ஹெட் உன் பேரன் காலம் வரைக்கும் இருக்கும்.

டொங்காட்_அலைன்மென்ட்:
லெனேசியா அண்ணே, கணக்கு போட்டுப் பேசுவோம்.

கப்ரி எடை ஆளோட 1,150 கிலோன்னு வையுங்க. வேகம் எடுக்கும்போது பின் சக்கரத்துல 55 சதவீதம் உட்காரும். பழைய டயரோட பிடி (உராய்வு எண்) 0.8. அப்போ 54 கிலோமீட்டர் வேகத்துல அந்த ரெண்டு டயரும் தரையில் இறக்கக்கூடியது சுமார் 75 கிலோவாட்தான். அதுக்கு மேல கொடுத்தா ரப்பர்தான் எரியும். தம்பிகிட்ட இப்பவே அதுக்கு ரெண்டு மடங்கு இருக்கு. இன்னும் போட்டு என்ன செய்யப்போறீங்க?

திருப்பத்தைப் பாருங்க. 15 மீட்டர் ஆரம் உள்ள அரைவட்டம். 0.8 பிடியில 39 கிலோமீட்டர்ல போகலாம். 200 ட்ரெட்வேர் (தேய்மான எண், குறையக் குறைய ரப்பர் மென்மை) டயர் போட்டு பிடி 1.0-க்கு வந்தா 44 கிலோமீட்டர். ஒரே திருப்பத்துல அரை நொடிக்குக் கிட்ட மிச்சம். ஒரு ஓட்டத்துல இப்படி எத்தனை திருப்பம் வரும்னு நீங்களே எண்ணிக்கோங்க.

லெனேசியா_வி8:
உன் கணக்கை வைச்சே பதில் சொல்றேன். 54-ல 75 சரி. அதே வண்டி நேர்ப்பாதையில 90 வரும்போது? நல்ல டயர் போட்டா 155 கிலோவாட் வரைக்கும் தரை வாங்கும். தம்பிகிட்ட 150. அதாவது உன் டயரை மாட்டின அன்னைக்கே இஞ்சின் பத்தாம போகுது. நான் சொன்னது அதைத்தான்.

டொங்காட்_அலைன்மென்ட்:
அந்த 90 எத்தனை நொடி அண்ணே? பிரேக் மிதிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணோ ரெண்டோ. 

கேம் விஷயத்துக்கு வருவோம். 3.22 டிஃப், டி5 ரெண்டாம் கியர், 205/50 பதினஞ்சு இஞ்ச் டயர். 40 கிலோமீட்டர்ல இஞ்சின் 2,300 ஆர்பிஎம், 95-ல 5,500. மொத்த ஓட்டமும் இதுக்குள்ளதான் முடியுது, கியர் மாத்துற வேலையே இல்லை. நீங்க சொல்ற பெரிய கேம் 3,500-க்கு மேலதான் கண்ணைத் திறக்கும். கப்ரி அப்போ 60-ஐத் தொட்டிருக்கும். திருப்பத்துல இருந்து வெளியே வர்ற நேரம் முழுக்க அது கொட்டாவி விட்டுட்டு இருக்கும். ஐடில்ல கடகடன்னு ஆடுறது பிராய் (இறைச்சி சுடுற விருந்து) போடுற இடத்துல நல்லா இருக்கும், கூம்புக்கு நடுவுல இல்லை.

லெனேசியா_வி8:
சின்ன கேமும் இருக்கு. நான் 300 டிகிரி ரேஸ் கேம்னு எங்கே சொன்னேன்?

பிரிட்டோரியா_ஐடி:
சென்னையில இருந்து வந்து இங்கே வேலை பார்க்கிறேன், ஆட்டோகிராஸ் வீடியோ பார்க்கிறதுதான் பொழுதுபோக்கு. அமெரிக்காவுல எஸ்சிசிஏங்கிற கார் பந்தய அமைப்பு இந்த மாதிரி வண்டிகளுக்குன்னே ‘சி.ஏ.எம்.’னு தனிப் பிரிவு வைச்சிருக்கு, கிளாசிக் அமெரிக்கன் மஸ்ல். இஞ்சின்ல நிறைய சுதந்திரம், ஆனா டயர் 200 ட்ரெட்வேருக்குக் கீழே போகக்கூடாது. அங்கே முன்னால நிக்கிறவங்க கையில இருக்கிறது அகலமான டயரும் நல்ல டேம்பரும். 

இன்னொண்ணு. ஏன் இந்தப் பழசு? ஒரு ஷெவ்ரோலே லூமினா எஸ்எஸ் வாங்கிடலாமே. எல்எஸ் வி8 இஞ்சின், பின்னால இன்டிபென்டன்ட் சஸ்பென்ஷன்.

சாட்ஸ்வர்த்_கப்ரி:
லூமினா 1,700 கிலோ அண்ணா. கூம்புக்கு நடுவுல அதைத் திருப்புறதுக்குள்ள எனக்கு வயசாயிடும். கப்ரி என் கையை விட்டுப் போகாது.

மாரிட்ஸ்பர்க்_மாமா:
போகக்கூடாது. ராய் ஹெஸ்கெத் ரேஸ் டிராக் 1981-ல் மூடுற வரைக்கும் நம்ம ஊர்லதான் இருந்துச்சு. 1970-ல் பேசில் கிரீன் கப்ரிக்குள்ள 302-ஐ இறக்கி, ஃபோர்டு டீலர் கடையிலேயே வித்தார். அடுத்து 1973-ல் ஃபிரென்ஸா காரோட உடம்புல கமாரோ இசட்28 இஞ்சின் போட்டு ஷெவ்ரோலே கேன் ஆம், வெறும் நூறு வண்டி. உலகத்துல வேற எங்கேயும் இல்லாத மஸ்ல் கார் இந்த நாட்டுலதான் பிறந்துச்சு. 

அதனால ரெண்டு பேருக்கும் சேர்த்துச் சொல்றேன்: அகல டயருக்காக ஃபெண்டரை வெட்டாதே. கழற்றி மாட்டக்கூடிய வேலை மட்டும் செய். பெரானா இல்லைன்னாலும் அது முதல் மாடல் உடம்பு, துரு பிடிக்காத ஒண்ணு கிடைக்கிறதே அரிது, அதுவும் டர்பன் உப்புக்காத்துல.

டொங்காட்_அலைன்மென்ட்:
மாமா, 205-க்கு வெட்ட வேண்டியதில்லை, ஆஃப்செட் பார்த்து ரிம் எடுத்தாப் போதும். ஆனா அந்தக் காலத்து அமைப்பு எல்லாத்தையும் அப்படியே வைச்சுக்கிட்டு ஓட்டவும் முடியாது. முதல் மாடல்ல முன்பக்க ஆன்டிரோல் பாரேதான் (வண்டி சாயாமத் தடுக்கிற கம்பி) கீழ்க்கையை முன்னும் பின்னும் பிடிச்சு நிறுத்துது. தடிமன் பார் போடுறேன்னு யாராவது மாத்தினா காஸ்டரும் (ஸ்டீயரிங் அச்சோட முன்பின் சாய்வு) சேர்ந்து ஆடும். அதனால முதல்ல தனி கம்ப்ரஷன் ஸ்ட்ரட், அப்புறம் ஸ்ட்ரட் மேல கேம்பர் (சக்கரத்தோட பக்கச் சாய்வு) பிளேட். முன்னால ரெண்டரை டிகிரி நெகட்டிவ்ல தொடங்கு. ஓடி வந்த உடனே டயரோட உள்ஓரம், நடு, வெளிஓரம் மூணு இடத்துலயும் சூடு பார். வெளிஓரம் மட்டும் கொதிச்சா கேம்பர் இன்னும் வேணும், நடு கொதிச்சா காத்து அதிகம். சூடு பார்க்கிற கருவி இல்லைன்னா டயர் ஓரத்துல சாக்பீஸ் கோடு போடு, எதுவரைக்கும் அழியுதுன்னு அதுவே சொல்லும்.

பின்னால லீஃப் ஸ்பிரிங். 302 டார்க் கொடுத்த உடனே ஸ்பிரிங் முறுக்கிக்கிட்டு ஆக்சில் குதிக்கும். அதைத் தடுக்க ஆன்டிட்ராம்ப் பார் ரெண்டு. அதுக்கும் முன்னாடி டிஃப்ல லிமிடெட் ஸ்லிப் (ரெண்டு சக்கரத்துக்கும் சக்தி போக வைக்கிறது). அது இல்லாம உள்பக்கச் சக்கரம் ஒண்ணு மட்டும் சுத்தும், மேல நான் போட்ட 75 கிலோவாட்டும் கிடைக்காது.

லெனேசியா_வி8:
டிஃப் விஷயத்துல நான் எதிர்க்கலை. அதை ஏன் முதல் பதிவுலயே சொல்லலை? டயர் டயர்னு ஒரே பஜனை.

சரி, இதுக்குப் பதில் சொல்லு. இஞ்சினைத் தொடவே வேணாம்ங்கிறியே, இந்த வண்டி எங்கே டியூன் ஆச்சு? ஜோபர்க்ல. 1,700 மீட்டர் உயரம். அங்கே காத்து மெலிசு, அதுக்குத் தகுந்த மாதிரி ஜெட்டை (கார்புரேட்டர்ல பெட்ரோல் வர்ற துளை) சின்னதாக்கி இருப்பாங்க. வான் ரீனன்ஸ் கணவாய் இறங்கி டர்பன் வந்தா காத்து கனம், பெட்ரோல் அதே ஜெட் வழியா. கலவை சுமார் பத்து சதவீதம் லீன், அதாவது பெட்ரோல் குறைவு. மேலே தட்டாத ஸ்பார்க் டைமிங் கீழே தட்டும் (கலவை தானா வெடிக்கும்). 95 பெட்ரோல் ஊத்தினாலும் முழு த்ராட்டில்ல பிஸ்டன் போயிடும். தம்பி, முதல் ஓட்டத்துக்கு முன்னாடி கடல் மட்டத்துல ஒரு டைனோ போடு, ஜெட் மாத்து. காத்து கனத்துனாலயே சும்மா இருபது, முப்பது கிலோவாட் ஏறும், பார்.

டொங்காட்_அலைன்மென்ட்:
இது நூத்துக்கு நூறு. நான் இதை நினைக்கவே இல்லை. ஆனா பாருங்க, அந்த முப்பது கிலோவாட் ஓசியில வருது. அப்போ ஹெட்டுக்குக் காசு எதுக்கு?

லெனேசியா_வி8:
அடப்பாவி.

மாரிட்ஸ்பர்க்_மாமா:
கார்புரேட்டர் பேச்சு வந்ததால ஒண்ணு. நீண்ட திருப்பத்துல ஃப்ளோட் கிண்ணத்துல பெட்ரோல் ஒரு பக்கமா ஏறிடும், இஞ்சின் திக்கும். சம்ப்லயும் (இஞ்சின் அடியில இருக்கிற எண்ணெய்த் தொட்டி) அதே கதை. பிரேக் பிடிச்சுக்கிட்டே திருப்பினா எண்ணெய் அதை உறிஞ்சுற பிக்கப் குழாயை விட்டு ஓடிடும். தடுப்புத் தகடு வைச்ச சம்ப் போடு. டயர் பிடி கூடக்கூட இந்தத் தொல்லையும் கூடும். டொங்காட் தம்பி அதைச் சொல்ல மாட்டார்.

சாட்ஸ்வர்த்_கப்ரி:
எல்லாருக்கும் நன்றி. இப்போதைக்கு வரிசை: கடலோர டைனோவும் ஜெட்டும், லிமிடெட் ஸ்லிப், பதினஞ்சு இஞ்ச் ரிம்மும் டயரும், தகடு போட்ட சம்ப். மீதி இருந்தா கேம்பர் பிளேட். ஹெட் அடுத்த வருஷம்.

ஈஸ்டர் வாரம் இசிப்பிங்கோ மாரியம்மன் திருவிழா, வீட்டுல யாரும் கராஜ் பக்கம் போக விடமாட்டாங்க. அது முடிஞ்சுதான் வேலை.

லெனேசியா_வி8:
டயர் மாட்டி, நாட்டல்ல எல்லாரையும் ஜெயிச்சுட்டு ஒருநாள் ஜோபர்க் பக்கம் வா. மேலே வந்தா பதினேழு சதவீதம் காணாம போகும். டர்போக்காரன் எவனுக்கும் அவ்வளவு குறையாது. அன்னைக்கு ஹெட் விலை கேட்டு எனக்குத்தான் போன் பண்ணுவே.

டொங்காட்_அலைன்மென்ட்:
வரும்போது ஜெட் பெட்டியையும் எடுத்துட்டுப் போ தம்பி. அட்லஸ் ஆக்சிலுக்கு பிளேட் டைப் லிமிடெட் ஸ்லிப் பழசு ஒண்ணு டர்பன் பக்கம் பீனிக்ஸ்ல ஒரு பக்கிக்கு (பிக்கப் வண்டி) பின்னால கிடக்குறதாக் கேள்வி. பிளேட் தேய்மானம் பார்த்துட்டு இங்கேயே எழுதுறேன், அதுவரைக்கும் யாருக்கும் முன்பணம் கொடுக்காதே.