புதுப்பிப்பு: 1965 மார்வெல் காமிக்ஸ் – கிழிசலை ஒட்டாமலே தரமதிப்புக்கு அனுப்பினேன்

புத்தகத்தின் முதுகில் 2 செ.மீ. கிழிசல், மடிப்புகள், அழுக்கு. காமிக்ஸைத் தரமதிப்பிடும் சி.ஜி.சி. நிறுவனத்துக்கு அனுப்புமுன் ஒட்டலாமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி. "ஒட்ட வேண்டாம், துடைத்து பிரஸ் மட்டும் செய்யுங்கள்" (பிரஸ்: சூடும் அழுத்தமும் கொடுத்து மடிப்பை நேராக்குவது) என்ற யோசனையே பலித்தது: நீல லேபிள் (மறுசீரமைப்பு இல்லாதது), 10-க்கு 4.5.

பிரஸ் செய்வது மறுசீரமைப்பாகக் கருதப்படுவதில்லை. கோதுமைப் பசையும் ஜப்பானியத் தாளும் வைத்து ஒட்டியிருந்தால் 'கன்சர்வ்ட்' (பாதுகாப்புக்காகப் பழுது பார்த்தது) லேபிள். நிறம் போன இடத்தில் மை தீட்டியிருந்தால் ஊதா லேபிள் (மறுசீரமைத்தது), விலை நன்றாக இறங்கும்.

வினைல் அழிப்பான் தூளால் வெள்ளை ஓரங்களை மட்டும் துடைத்தோம். அச்சு நிறம் உதிராத மடிப்புகள் பிரஸ்ஸில் மறைந்தன, நிறம் உதிர்ந்தவை அப்படியே.

எதிர்பாராதது: அட்டையின் உட்புறம் பழைய செலோ டேப். சூட்டில் அதன் பசை இளகி அடுத்த பக்கத்தில் கறையாகும். டேப்பை உரிக்காமல், மேலே பசை ஒட்டாத சிலிகோன் தாள் வைத்துத்தான் பிரஸ் செய்ய வேண்டும். டேப் குறையாகத்தான் குறிக்கப்பட்டது, மறுசீரமைப்பாக அல்ல.