மெலிசானி குகை ஏரி: போகலாமா, விட்டுவிடலாமா?

ஊர்சுற்றி: கிரேக்கத்தின் கெஃபலோனியா தீவுக்குப் போனாலே மெலிசானி பார்த்தாயா என்று உயிரை எடுக்கிறார்கள். வெயிலில் வரிசையில் நின்று, டிக்கெட் எடுத்து, சுரங்கப்பாதையில் இறங்கினால் படகுச் சவாரி கால் மணி நேரம்கூட இல்லை. படகோட்டி ஒரு சுற்று சுற்றி, பாட்டுப் பாடி, இறக்கிவிட்டு அடுத்த கும்பலை ஏற்றுகிறார். தண்ணீரில் இறங்கவும் விடமாட்டார்கள். தண்டச்செலவு.

வெயில்காலன்: எத்தனை மணிக்குப் போனீர்கள்? கூரை இடிந்து வானம் தெரிகிற குகை அது. சூரியன் உச்சிக்கு வந்தால்தான் வெளிச்சம் நேராக ஏரிக்குள் இறங்கும், அப்போது நீலம் சும்மா எரியும், அடியில் கிடக்கும் பாறைகள் மேல் உங்கள் படகின் நிழல் தனியாக நகர்வதையே பார்க்கலாம். காலையில் போய்விட்டுக் குறை சொல்லாதீர்கள்.

ஊர்சுற்றி: உச்சியில்தான் போனேன் ஐயா! இதே அறிவுரையைப் படித்துவிட்டு சுற்றுலாப் பேருந்துகளும் அதே நேரத்துக்குத்தானே வந்து நிற்கின்றன.

உப்புக்காற்று: அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று இருவருமே கேட்கவில்லை. தீவின் மறுபக்கம், தலைநகர் ஆர்கோஸ்டோலி அருகே கடவோத்ரெஸ் என்ற இடத்தில் கடல்நீர் தரைப் பிளவுகளுக்குள் புகுந்து காணாமல் போகிறது. அந்த ஓட்டத்தில் ஒரு காலத்தில் மாவு ஆலையே ஓட்டியிருக்கிறார்கள். 1953 நிலநடுக்கத்துக்குப் பிறகு வேகம் குறைந்துவிட்டது. 1963இல் ஆஸ்திரிய ஆய்வாளர்கள் அங்கே சாயத்தைக் கொட்டினார்கள், சுமார் இரண்டு வாரம் கழித்து அது மெலிசானியிலும் பக்கத்துக் கரவோமிலோஸ் கரையிலும் வந்து நின்றது. தீவின் அடிவயிற்றைக் குறுக்கே கடந்து வந்த தண்ணீர், அதனால்தான் லேசாகக் கரிக்கிறது. முதலில் கடவோத்ரெஸைப் பார்த்துவிட்டு இங்கே வாருங்கள்.

ஊர்சுற்றி: இதைப் படகில் யாராவது சொன்னார்களா? எனக்குக் கிடைத்தது கிரேக்கப் புராணத்துப் பான் தேவனும், அவன் திரும்பிப் பார்க்காததால் ஏரியில் விழுந்த பெண்ணும் வருகிற கதைதான்.

வெயில்காலன்: அந்தப் பான் உருவமே குகைக்குள் தோண்டியெடுத்ததுதான், வெறும் டூரிஸ்ட் கதை இல்லை. படகு உள்ளே இருட்டு அறைக்குப் போனபோது கூரையைப் பார்த்தீர்களா, செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தீர்களா?

ஊர்சுற்றி: முன்னால் இருந்தவரின் தொப்பியைப் பார்த்தேன்.

உப்புக்காற்று: சரி, ஜூலை, ஆகஸ்ட்டை விட்டு மே மாதம் போகலாமே?

ஊர்சுற்றி: மே மாதம் எனக்கு லீவு யார் தருவார்கள்? மெலிசானி வரிசையில் நிற்கும் நேரத்துக்கு, அதே தீவின் அந்திசாமோஸ் கடற்கரையில் கிடப்பேன். அங்கே யாரும் என்னைக் கால் மணி நேரத்தில் எழுப்பி விடுவதில்லை.