டி700-ஆ, டி7000-ஆ? பயன்படுத்தியவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். ராயபுரத்தில் இருக்கிறேன். பழைய நிக்கான் கேமரா ஒன்று வாங்க வேண்டும், டி700 அல்லது டி7000.

விடியுமுன் காசிமேட்டில் மீன் ஏலம் நடக்கும்போது, விளக்கு வெளிச்சத்தில் ஐஸ் சொட்டச் சொட்டக் கூடை தூக்கி ஓடுகிறவர்களைப் படமெடுக்க ஆசை. அதற்கு, பெரிய சென்சார் உள்ள (ஃபுல் ஃபிரேம்) டி700தான் என்று மனசு சொல்கிறது. 12 மெகாபிக்சல் எனக்குப் போதும்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை வியாசர்பாடியில் பையன்கள் கால்பந்து ஆடுவதையும் எடுப்பேன். என் 70-300 மி.மீ. லென்ஸ், சென்சார் சிறியதான டி7000-இல் 450 மி.மீ. போல நெருங்கும், வீடியோவும் உண்டு. டி700-இல் வீடியோவே கிடையாது. (கல்யாண வீட்டில் வீடியோ எடுக்காமல் மாமா விடமாட்டார்!)

அப்புறம், ஷட்டர் 1,50,000 கிளிக் வரை சோதிக்கப்பட்டது என்கிறது நிக்கான், இரண்டுக்குமே. எனக்குக் கிடைத்த டி700, 90,000 கிளிக் ஓடியது. துணிந்து வாங்கலாமா? கடல் காற்றில் என் பழைய கேமராவின் பட்டன்கள் இறுகிப்போனதால் கேட்கிறேன்.