கொரியன் புல்தரையில் பாசி, அடியில் காய்ந்த புல் மெத்தை: இப்போதே வாரலாமா?

கடலூர் வாசி: வணக்கம். வீட்டு முன்னால் 600 சதுர அடிக்குக் கொரியன் புல் இருக்கிறது, பெண்ணையாறு பக்கம். மழை ஓய்ந்து தை பிறந்ததும் பார்த்தால் வேப்பமர நிழல் விழும் இடமெல்லாம் பாசி. மற்ற இடத்தில் கால் வைத்தால் அமுங்குகிறது, விலக்கிப் பார்த்தால் பழுப்புத் தண்டும் வேரும் ஒரு அங்குலத்துக்கு மேல் சேர்ந்து மண்ணே தெரியவில்லை. தண்ணீர் விட்டால் உள்ளே இறங்காமல் வழிந்து ஓடுகிறது. இங்கிலாந்து வீடியோக்களில் மெஷினால் கீறி எல்லாவற்றையும் வாரி எடுக்கிறார்கள், செப்டம்பரில் செய்யச் சொல்கிறார்கள். மெஷின் வாடகைக்குக் கிடைக்கிறது, இந்த வாரமே செய்யலாமா? பக்கத்து வீட்டு அக்கா சுண்ணாம்பு தூவச் சொல்கிறார்.

லாஸ்பேட்டை தோட்டம்: இந்த வாரம் வேண்டாம் சார். அங்கே இருப்பது குளிரில் வளரும் புல், வெயில் தணிந்த செப்டம்பரில் கீறினால் சீக்கிரம் தேறிவிடும். நம் கொரியனும் அருகும் சூட்டில்தான் ஓடும், தைப் பனியில் கொரியன் வளர்ச்சி மந்தம், அப்போது கீறினால் அப்படியே மொட்டையாக நிற்கும். மாசி பாதிக்கு மேல் புதுத் தளிர் வருவதைப் பார்த்துச் செய்யுங்கள். கத்திரி வரை தள்ளிப்போடவும் கூடாது.

மெஷின் எனக்குப் பிடிக்கவில்லை. அருகு என்றால் சட்டென்று மூடிக்கொள்ளும், கொரியன் ரொம்ப மெதுவாகத்தான் பரவும். கம்பிப் பல் ரேக்கால் கையால் ஒரு திசையில் வாருங்கள், அப்புறம் குறுக்கே லேசாக. அரை அங்குலம் வரை காய்ந்த அடுக்கு இருந்தால் நல்லதுதான், ஈரம் காக்கும். அதற்கு மேல் இருப்பதை மட்டும் எடுங்கள், அதையும் இந்த வருடம் பாதித் தரை, அடுத்த வருடம் மீதி என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

பாசியைப் பச்சையாக வாரினால் துண்டு துண்டாகப் பிய்ந்து தரை முழுக்கப் பரவும். முதலில் அன்னபேதி, உரக்கடையில் பெரஸ் சல்பேட் என்று கேளுங்கள். லிட்டருக்கு 5 கிராம் கரைத்து ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர், முதலில் ஒரு மூலையில் மட்டும் தெளித்துப் பாருங்கள். பாசி கறுத்துப்போகும், ஒன்றிரண்டு வாரம் விட்டு வாரலாம். டைல்ஸ், சிமென்ட் மேல் பட்டால் துருக்கறை போகவே போகாது, கவனம். மண்ணைப் பரிசோதிக்காமல் சுண்ணாம்பு மட்டும் வேண்டவே வேண்டாம், பாசி வருவது நிழலாலும் தேங்கும் ஈரத்தாலும்தான்.

பாகூர்க்காரன்: அண்ணே, 2024 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் உள்ளே வந்ததா? மண்வெட்டியால் ஒரு சாண் சதுரம் வெட்டித் தூக்கிப் பாருங்கள்.

கடலூர் வாசி: வந்தது தம்பி, இரண்டு நாள் நின்றது. இப்போது வெட்டிப் பார்த்தேன், வேருக்கு நடுவில் சாம்பல் நிற வண்டல் ஓடு மாதிரி இறுகிக் கிடக்கிறது.

பாகூர்க்காரன்: அப்போ மேலே வாருவது மட்டும் போதாது அண்ணே. எங்கள் பக்கமும் வெள்ளத்துக்குப் பிறகு இதே கதைதான், வண்டல் தட்டிப்போய் வேர் மூச்சுவிட முடியாமல் கிடந்தது. வாரி முடித்த கையோடு கார்டன் ஃபோர்க்கை 4 அங்குலம் இறக்கி அரையடிக்கு ஒரு குத்து, ஓடு உடைகிற வரை. துளைகளில் கழுவிய மணலும் சலித்த மக்கிய எருவும் கலந்து துடைப்பத்தால் தள்ளிவிடுங்கள். தேவனாம்பட்டினம் கடல் மணலை அள்ளிப் போட்டுவிடாதீர்கள், உப்பு.

கடலூர் வாசி: சரி, மாசியில் ஆரம்பிக்கிறேன். வாரினதும் உரம் போடணுமா?

லாஸ்பேட்டை தோட்டம்: தளிர் விடும்போது சதுர மீட்டருக்கு 10 கிராம் யூரியா தூவி உடனே தண்ணீர் விடுங்கள், இலையில் தங்கினால் கருகும். தண்ணீர் காலையில் மட்டும், சாயங்காலம் விட்டால் ராத்திரி முழுக்க ஈரம் நின்று பாசிக்கு வசதியாகிவிடும். வேம்பின் தாழ்ந்த கிளைகளை அதற்கு முன்பே கழித்துவிடுங்கள். அதன் பிறகும் நாள் முழுக்க வெயில் படாத இடம் இருந்தால் அங்கே புல்லோடு மல்லுக்கட்ட வேண்டாம், ஸ்பைடர் செடி வைத்துவிடுங்கள்.