ஏழாம் வகுப்புக்கு விலங்குப் பாடத்தை எங்கிருந்து ஆரம்பிப்பது?

குளத்தங்கரை டீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். நாங்குநேரி பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். விலங்குகளின் வகைகள், உணவுச் சங்கிலி, வனவிலங்குப் பாதுகாப்பு எல்லாவற்றையும் அடுத்தடுத்து நடத்தப் போகிறேன். அதற்கு முன்னால் ஆளுக்குப் பத்து விலங்கு, பறவை பெயர் எழுதச் சொன்னேன். சிங்கம், ஒட்டகச்சிவிங்கி, பாண்டா, பெங்குயின் எல்லாம் வந்துவிட்டது. 31 பிள்ளைகளில் ஒருத்தர்கூட வகுப்புக்குப் பின்னால் இருக்கிற குளத்திலிருந்து ஒரு பெயரும் எழுதவில்லை. ஜன்னல் வழியே காட்டிக் கேட்டால் எல்லாமே "கொக்கு டீச்சர்". நத்தைகுத்தி நாரையும் கொக்கு, மடையானும் கொக்கு. சாயங்காலம் ஆனால் அதே பையன்களில் நாலைந்து பேர் பறவை அடிக்கிற கவட்டையை எடுத்துக்கொண்டு அந்தக் கரைக்குத்தான் போகிறார்கள், அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனால் ராத்திரி முழுக்க மனசு கேட்கவில்லை.

பஸ் பிடித்துக் களக்காடு, முண்டந்துறை காட்டுப் பக்கம் கூட்டிப்போகப் பணமில்லை. குளத்தில் தண்ணீர் கிடப்பதால் தலைமையாசிரியருக்குப் பயம், அது நியாயமான பயம்தான். கையில் இருப்பது ரெண்டு வாரம். நோட்டில் எழுதிப்போட்டு மனப்பாடம் செய்யவைத்து முடிக்க எனக்கு மனசில்லை. யாராவது செய்து பார்த்தது இருந்தால் சொல்லுங்கள்.

அம்பை பழைய வாத்தியார்:

டீச்சரம்மா, முதல் நாளே பெயர் சொல்லிக்கொடுக்காதீர்கள். பெயர் தெரிந்ததும் பிள்ளைகள் பார்ப்பதை நிறுத்திவிடும். "அந்தப் பறவையின் அலகை மட்டும் பார்த்து வரைந்து கொண்டுவா" என்று சொல்லுங்கள். நத்தைகுத்தி நாரைக்கு அலகை மூடினாலும் நடுவில் ஒரு இடைவெளி தெரியும், அந்தப்பக்கத்து வெளிச்சமே தெரியும். குஞ்சுக்கு அது இருக்காது, வளர வளரத்தான் வரும். வரைகிற பிள்ளைக்கு அது தானாகக் கண்ணில் படும், அதுவே "ஏன் இப்படி?" என்று கேட்கும். கேட்ட அன்றைக்கு நத்தையைப் பற்றிப் பேசுங்கள், தகவமைப்புப் பாடம் அங்கேயே முடிந்தது.

உணவுச் சங்கிலிக்கு நான் பல வருஷம் செய்த ஒன்றைச் சொல்கிறேன். உங்கள் ஊர்க் கோயில் கோபுரத்திலோ பழைய கட்டடத்திலோ கூகை ஆந்தை இருக்கும். அது எலியை முழுசாக விழுங்கும். செரிக்காத முடியையும் எலும்பையும் உருண்டையாகக் கக்கிவிடும். அது அடைகிற இடத்துக்கு நேர்கீழே காலையில் போனால் கட்டைவிரல் பருமனில் கறுப்பாகக் கிடக்கும். கையுறை போட்டு எடுத்து, டெட்டால் ஊற்றிய வெந்நீரில் ஊறவைத்து, ஊசியால் மெதுவாகப் பிரிக்க வேண்டும். முடியெல்லாம் விலகினதும் பொட்டு மாதிரி ஒரு மண்டையோடு வரும் பாருங்கள், அந்த நேரத்தில் வகுப்பில் ஒரு சத்தம் இருக்காது. முன்பல் மஞ்சளாக, உளி மாதிரி இருந்தால் எலி. பல்லெல்லாம் வெள்ளையாக, மூக்குப் பக்கம் நீண்டு கூராக இருந்தால் மூஞ்சூறு. எத்தனை மண்டையோடு என்று எண்ணிக் கரும்பலகையில் எழுதச் சொல்லுங்கள். வயல்காரன் பிள்ளைக்கு அந்தக் கணக்கை யாரும் விளக்க வேண்டியதில்லை. கூகை அலறினால் சாவு வரும் என்று வீட்டில் கல்லெறிகிறவர்களிடம் அந்தப் பிள்ளையே போய்ப் பேசும்.

கூந்தன்குளத்து மருமகள்:

டீச்சர், நான் வாக்கப்பட்டு வந்த ஊர் கூந்தன்குளம். உங்களுக்குப் பக்கம்தான், முடிந்தால் ஒரு நாள் வாங்க. 1994-ல் சரணாலயமாக அறிவித்தார்கள், பிறகு உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலிலும் சேர்த்தார்கள், ஆனால் ஊர்க்காரர்கள் அதற்கு ரொம்ப முன்னாலிருந்தே காத்து வருகிறார்கள். தீபாவளிக்கு இங்கே வெடி கிடையாது. வந்த முதல் வருஷம் எனக்கே அது புதுசு, இப்போது என் பிள்ளைகள் வெடி கேட்பதே இல்லை. நாரையும் கூழைக்கடாவும் குளத்துக் கருவேல மரத்தில் மட்டும் கூடு கட்டாது, வீட்டு வாசல் வேம்பிலும் கட்டும். எச்சம் விழும், மீன் வாடை அடிக்கும், யாரும் கிளையை வெட்ட மாட்டார்கள். காற்றடித்துக் குஞ்சு கீழே விழுந்தால் எடுத்து வைத்து மீன் கொடுத்துக் காப்பாற்றுவார்கள்.

உங்கள் பிள்ளைகளிடம் சும்மா "பறவையை நேசி" என்று சொன்னால் நிற்காது. எச்சம் குளத்தில் விழுகிறது, வண்டலோடு சேருகிறது, அந்த வண்டலை அள்ளி வயலில் போட்டால் உரம். குளத்துத் தண்ணீர் மணிமுத்தாறு கால்வாயில் வருகிறது. பறவை, மீன், வண்டல், நெல் என்று சுற்றிச் சுற்றி வருவதை எங்கள் ஊர்க் கிழவிகள் பாடப்புத்தகம் இல்லாமலே சொல்வார்கள். கவட்டை வைத்திருக்கிற பையன்களைத் திட்டாதீங்க. திபெத், மங்கோலியா பக்கமிருந்து இமயமலையைத் தாண்டி வரித்தலை வாத்து நம்ம ஊர்த் தண்ணிக்கு வருகிறது என்று அவர்களிடம்தான் முதலில் சொல்லுங்க.

பிசானம்:

எல்லாம் சரிதான் அண்ணாச்சி, ஆனால் ஒரு விஷயத்தை விட்டுவிட்டுப் பேசுகிறோம். நான் பிசானம், கார் என்று ரெண்டு பருவமும் நெல் போடுகிறவன். இந்தப் பிள்ளைகள் வீட்டில் மயில் நாற்றைச் சிதைக்கிறது, பன்றி கடலையைத் தோண்டுகிறது என்று ராத்திரி முழுக்கப் பேச்சு. பள்ளிக்கூடத்தில் "எல்லா உயிரும் அழகு" என்று மட்டும் சொன்னால் டீச்சருக்கு ஒன்றும் தெரியவில்லை என்றுதான் பிள்ளை நினைக்கும். அதையும் வகுப்பில் பேசவிடுங்கள். யாருக்கு எவ்வளவு நஷ்டம், தாத்தா காலத்தில் உடைமுள் காட்டில் நரி இருந்ததா, இப்போது உண்டா என்று வீட்டில் கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள். கோபத்தை உள்ளே வைத்துக்கொண்டு பாதுகாப்பு படிக்க முடியாது.

அப்புறம் புலி. நமக்கும் புலிக்கும் என்ன என்று கேட்பார்கள். களக்காடு முண்டந்துறை 1988-ல் புலிகள் காப்பகமானது, தமிழ்நாட்டிலேயே முதலாவது. அந்தக் காட்டு மண் மழையைக் குடித்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதால்தான் தாமிரபரணி சித்திரை வெயிலிலும் ஓடுகிறது. புலிக்காகக் காட்டைக் காத்தால் சிங்கவால் குரங்கும் பிழைக்கும், நம்ம வயலுக்குத் தண்ணியும் வரும். பிள்ளை காலையில் குடித்த தண்ணியிலிருந்து மேலே போங்கள், புலி வரைக்கும் போய்விடலாம்.

ஜனவரி பறவை:

மணிமுத்தாறில் இருக்கிற அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் 2011-லிருந்து வருஷா வருஷம் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறது. தன்னார்வலர்கள்தான் எண்ணுவார்கள், நானும் மாணவனாக இருக்கும்போது அப்படிப் போய்த்தான் இந்தப் பக்கம் திரும்பினேன். எண்ணுவதை வகுப்பிலேயே பழக்கலாம். ஒரு கை புளியங்கொட்டையைத் தரையில் வீசி, ஐந்து விநாடி காட்டிவிட்டு மூடிவிடுங்கள். முதலில் எல்லாரும் தாறுமாறாகச் சொல்வார்கள். பத்துக் கொட்டை எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பார்த்து அதை மற்ற இடத்தில் பொருத்திப் பார்க்கச் சொல்லுங்கள், ரெண்டு நாளில் கண் பழகிவிடும். குளத்தில் இறங்கவே வேண்டாம், கரைமேல் நின்றால் போதும். தலைமையாசிரியரிடம் இதைச் சொல்லிக் கேளுங்கள்.

கூந்தன்குளம் தூரம் என்றால் திருப்புடைமருதூருக்கு ஒரு தடவை போய்வரலாம். ஆற்றங்கரைக் கோயில், மரமெல்லாம் பறவை. 2005-ல் அறிவித்த அந்தப் பறவைகள் காப்பகம்தான் 'கன்சர்வேஷன் ரிசர்வ்' என்கிற வகையில் இந்தியாவிலேயே முதலாவது.

குளத்தங்கரை டீச்சர்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. சனிக்கிழமை போனோம். கரையிலிருந்து இறங்கக் கூடாது என்று உபரித் தண்ணீர் வழிகிற மறுகால் பக்கமிருந்து கயிறு கட்டினோம், பெற்றோர் மூணு பேர் கூட வந்தார்கள், தலைமையாசிரியரும் வந்துவிட்டார். முன்னாலேயே மூணு நாள் புளியங்கொட்டை வீசிப் பழகியிருந்தோம்.

அலகு வரையச் சொன்னதும் பின்வரிசையில் எப்போதும் பேசாத ஒரு பெண் பிள்ளை என்னைக் கூப்பிட்டு, "டீச்சர், அதுக்கு வாய் சரியா மூடலை, அடிபட்டிருச்சா?" என்று கேட்டது. அடிபடவில்லை என்று மட்டும் சொன்னேன், அதற்கு மேல் சொல்லவில்லை. அதுவே அரைமணி நேரம் அந்த நாரையைப் பார்த்துக்கொண்டு நின்று, அது சேற்றிலிருந்து நத்தையை எடுத்ததும் ஓடிவந்து என் கையைப் பிடித்தது.

கவட்டைக்காரப் பையன்களில் ரெண்டு பேருக்கு நாமக்கோழி எண்ணும் வேலை. ஒருத்தன் 43 என்கிறான், இன்னொருத்தன் 47 என்கிறான், முங்கினதைச் சேர்த்தாயா இல்லையா என்று வீடு வரைக்கும் சண்டை. திங்கட்கிழமை காலையில் முதல் மணிக்கு முன்னால் மறுபடி எண்ண வேண்டும் என்று அவர்களே கேட்டிருக்கிறார்கள். கோயில் கோபுரத்துக்குக் கீழே உருண்டை தேடப் பூசாரியிடமும் சொல்லி வைத்திருக்கிறேன், கிடைத்ததும் வாத்தியாருக்கு எழுதுகிறேன்.