எண்கள் சொல்வதற்கு முன் மனம் சொன்னது: திருகோணமலையிலிருந்து மூவரின் அனுபவங்கள்

சிறுவர் விடுதிப் பொறுப்புத் தாதி:

மாரி மழை தொடங்கினால் எங்கள் விடுதியில் டெங்குப் பிள்ளைகள் கூடிவிடுவார்கள். ஓரிரவு, மூதூரிலிருந்து வந்த சிறுமிக்குக் காய்ச்சல் இறங்கியிருந்தது. தாயின் முகத்தில் நிம்மதி. நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் எல்லைக்குள்தான் இருந்தன. எனக்கோ அந்தக் கட்டிலை விட்டு நகர மனம் வரவில்லை. வைத்தியரை எழுப்பச் சொன்னேன். இளம் தாதி தயங்கினாள்: "என்ன சொல்லி எழுப்புவது, சிஸ்டர்?"

"சிஸ்டருக்கு மனம் சரியில்லை என்று சொல்லுங்கள்" என்றேன்.

குருதி எவ்வளவு செறிந்திருக்கிறது என்று காட்டும் பிசிவி பரிசோதனையை வைத்தியர் மறுபடி செய்வித்தார். குருதி செறியத் தொடங்கியிருந்தது. டெங்குவில் காய்ச்சல் விடும் வேளையில்தான் குருதிக் குழாய்களிலிருந்து நீர் கசியும். அந்த 24 முதல் 48 மணித்தியாலங்கள் மிக ஆபத்தானவை. என்னைப் பிடித்து நிறுத்தியது எது என்று பிறகு யோசித்தேன். தேறும் பிள்ளை சாப்பாடு கேட்கும். இவள் பேசாமல் கிடந்தாள், கால்விரல்கள் குளிர்ந்திருந்தன. அன்றிலிருந்து என் விடுதியில், எண்கள் சரியாக இருந்தாலும் மனதில் ஏதோ உறுத்தினால் யாரும் வைத்தியரை எழுப்பலாம். அதற்காக எவரும் ஏச்சு வாங்க நான் விடமாட்டேன்.

நிலாவெளிப் பக்கக் கரைவலைச் சம்மாட்டி (கரையிலிருந்து வலை இழுக்கும் மீனவர் குழுவின் முதலாளி):

சிஸ்டர் சொல்வது கடலுக்கும் பொருந்தும். காற்றே இல்லாத காலையில் நீண்ட அலைகள் இடைவெளி விட்டு வந்து விழுந்தால், எங்கோ தொலைவில் புயல் இருக்கக்கூடும். அப்படியொரு நாளில் வலை வளைக்க வேண்டாம் என்றேன். ஒரு நாள் உழைப்புப் போனதில் ஆட்களுக்குக் கோபம். மதியத்துக்குப் பின் கடல் கொந்தளித்தது. ஆனால் 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் எங்களுக்கு வடக்கே கரையைக் கடந்தபோது என் உள்ளுணர்வுக்கு வேலையே இருக்கவில்லை. வளிமண்டலவியல் திணைக்களம் முன்கூட்டியே எச்சரித்திருந்தது. தோணியை மேலே இழுத்துக் கட்டினோம், அவ்வளவுதான்.

உப்புவெளி ஹோட்டல் முகாமையாளர்:

ஆள் எடுக்கும் விடயத்தில் மட்டும் நான் இதற்கு உடன்படமாட்டேன். நேர்முகத் தேர்வில் 'இவர் நல்லவர்' என்று எனக்கும் தோன்றும். ஆனால் நான் திருப்பி அனுப்பியவர் வேறோர் இடத்தில் எப்படி உழைத்தார் என்பது எனக்குத் தெரியவே வராது. உள்ளுணர்வைப் பற்றி எதிரெதிர் நிலையில் நின்ற உளவியலாளர்கள் டானியல் கானமனும் கேரி கிளைனும் 2009இல் ஒரு கட்டுரையைச் சேர்ந்து எழுதினார்கள். உள்ளுணர்வை நம்புவதானால் சூழலில் ஒழுங்கு இருக்கவேண்டும், நம் தீர்ப்பின் விளைவு நமக்குத் திரும்பத் தெரியவேண்டும் என்பதில் இருவரும் ஒத்துப்போனார்கள். சிஸ்டருக்கும் சம்மாட்டியாருக்கும் அவை இரண்டும் வாய்த்திருக்கின்றன. எனக்கு ஆள் எடுப்பதில் வாய்க்கவில்லை. அதனால் எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டுப் புள்ளி போட்ட பின்புதான் மனம் சொல்வதைக் கேட்கிறேன். சமையலறையில் கதை வேறு. எவ்வளவு மீன் வாங்குவது என்பதைத் தலைமைச் சமையற்காரரிடமே விட்டுவிடுகிறேன். எவ்வளவு மிஞ்சியது என்பது அன்றிரவே அவருக்குத் தெரிந்துவிடுகிறது.