மறுமொழி: ஆஸ்டியோபீனியா – எலும்பிளைப்பா, அடர்த்திக் குறைவா?

வணக்கம். எலும்பு அடர்த்திப் பரிசோதனைக்கு வருவோருக்கான விளக்கத்தாள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஆஸ்டியோபொரோசிஸுக்குத் தமிழில் 'எலும்புப்புரை' என்று முடிவாகிவிட்டது. டி-ஸ்கோர் (பரிசோதனை தரும் அடர்த்தி மதிப்பெண்) -1-க்கும் -2.5-க்கும் இடையில் இருந்தால் அறிக்கையில் வரும் ஆஸ்டியோபீனியாவுக்கு என்ன எழுதலாம்? 'தேய்மானம்' வேண்டாம். மூட்டுத் தேய்வையும் மக்கள் அப்படித்தான் சொல்கிறார்கள்.

---

பீனியா என்றால் கிரேக்கத்தில் வறுமை. நல்குரவு, மிடி என்று நமக்கும் சொற்கள் உண்டு; ஆனால் உடல் வறுமைக்கு 'இளைத்தல்'தான் பொருந்தும். 'என்பும் உரியர் பிறர்க்கு' என்ற குறள் இருக்க, 'என்பிளைப்பு' என்றே ஆளலாம். 'புரை'யிலும் எனக்கு ஐயம் உண்டு. உள்துளை என்ற பொருளில் எலும்புக்குச் சரி. கண்புரையில் துளை ஏது? 'புரைதீர்ந்த நன்மை'யில் அது குற்றம். இம்மூன்றும் ஒரே வேர்தானா என்று முதலில் பார்க்க வேண்டும்.

---

> 'என்பிளைப்பு' என்றே ஆளலாம்

ஐயா, இளைப்பு என்றால் மூச்சு வாங்குவது என்றே நோயாளி எடுத்துக்கொள்வார். அதைவிட முக்கியம், இது நோயின் பெயரே அல்ல. 1994-இல் உலக சுகாதார நிறுவனம் வகுத்த ஓர் அளவு எல்லை. எனவே நோய் தொனிக்காத 'எலும்பு அடர்த்திக் குறைவு' போதும்.

தாளில் இதையும் சேருங்கள். டி-ஸ்கோர் இளம்வயதினர் சராசரியோடு ஒப்பிடுவது, இசட்-ஸ்கோர் அதே வயதினரோடு ஒப்பிடுவது. மாதவிடாய் நிற்காத பெண்களுக்கும் 50 வயதுக்குட்பட்ட ஆண்களுக்கும் இசட்-தான் பார்க்க வேண்டும். அவர்களுக்கு ஆஸ்டியோபீனியா என்று எழுதவே கூடாது.

எண்ணும் ஏமாற்றும். இடுப்பு முள்ளெலும்புகளில் மேல் நான்கையும் படமெடுக்கும்போது எலும்பு முளைகள், சுண்ணாம்பு படிந்த மகாதமனி, குடலில் கரையாத கால்சியம் மாத்திரை எல்லாம் அடர்த்தியைக் கூட்டிக் காட்டும். நசுங்கிய முள்ளெலும்பிலும் அப்படித்தான்: தாது அதே அளவு, பரப்பு குறைவு. பக்கத்து எலும்பைவிட ஒரு டி-அலகுக்கு மேல் வேறுபடுவதை விட்டுவிட்டு, குறைந்தது இரண்டையாவது வைத்துக் கணக்கிட வேண்டும். முதியவர்களுக்கு இடுப்பு மூட்டுப் படத்தையே நம்புவேன். அதிலும் காலை 15 முதல் 25 பாகை வரை உட்பக்கம் திருப்பிக் கட்டாவிட்டால் தொடையெலும்புக் கழுத்து குறுகி, எண் கூடிவிடும்.

---

> எலும்பு அடர்த்திக் குறைவு

அடர்த்தி என்பது கன அளவைப் பொறுத்தது. டெக்ஸா (எலும்பு அடர்த்தியை அளக்கும் எக்ஸ்-கதிர்ப் பரிசோதனை) தருவதோ சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிராம். 'பரப்படர்த்தி' என்பதே முறை. மேலும், இலங்கைப் பாடநூல்களில் நிறை என்பதைத் 'திணிவு' என்போம். 'தாழ் என்புத்திணிவு' எங்கள் மாணவருக்கு உடனே விளங்கும்.

---

தமிழ்நாட்டு வாசகருக்குத் 'திணிவு' புதிது, 'பரப்படர்த்தி' அதைவிடப் புதிது. 'எலும்பு அடர்த்திக் குறைவு' என்பதையே வைக்கிறேன். டி, இசட் அப்படியே நிற்கும். பக்கத்தில் 'இளமை ஒப்பீடு', 'வயது ஒப்பீடு' என்று விளக்கம்.

---

அச்சுக்குத் தடை சொல்லவில்லை. ஆனால் -2.5-க்குக் கீழே போனாலும் அது அடர்த்திக் குறைவுதானே? இரண்டு நிலைகளைப் பிரிக்கத்தான் சொல் கேட்டீர்கள். இந்தச் சொல் பிரிக்கவில்லை. -1.8 உள்ளவர் சும்மா தடுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டால் அவருக்கு எந்தப் பெயரை எழுதுவீர்கள்? 'இளைப்பு' வேண்டாமென்றால் 'என்புநலிவு' என்றாவது பதிவு செய்துவையுங்கள்.